குடும்பஸ்தர்களுக்கு மட்டும்

மயிலாப்பூருக்கு முதல்முறை போய்விட்டு வருகிறவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: ‘டீசன்ட்டான ஏரியாப்பா!’ பொய்யில்லை. தெப்பக்குளம், மாடவீதிகள், நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலையில் நடை பழகும் தாத்தாக்கள், ராத்திரி ஒன்பது மணிக்கும் நிதானமாகப் பேரம் பேசிப் பூ வாங்கும் பெண்கள்... அங்கே போனால் எனக்கும் குரல் தானாகத் தணிந்துவிடும்.

அதே தெருக்களில் ‘டு லெட்’ பலகைகளையும் படித்துப் பாருங்கள். ‘ஃபேமிலி மட்டும்.’ சில இடங்களில் ‘சைவம் மட்டும்’. எங்கள் கீழப்பழுவூரிலிருந்து வேலைக்குப் போகிற பையனுக்கு அம்மா, அப்பா, ரெண்டு தங்கச்சி இருக்காங்க. அவங்களுக்காகத்தான் பட்டணத்துக்கே போகிறான். வீட்டுக்காரர் கணக்கில் அவன் ‘பேச்சிலர்’.

வீட்டுக்காரர் பயமும் நியாயம்தான். வயசுப் பொண்ணு இருக்கிற வீடு. ஆனால் ஒருத்தனை எதைக் கொண்டு அளப்பது? அவன் நடந்துகொள்கிற விதத்தை வைத்தா, பக்கத்தில் மனைவி நிற்கிறாளா, தட்டில் என்ன இருக்கிறது என்பதை வைத்தா?

சம்பந்தர் மயிலையையும் பாடினார், பழுவூரையும் பாடினார். பழுவூர்ப் பதிகத்தில், மலையாளத்து அந்தணர்கள் தொழுவதை ஊருக்குப் பெருமையாகவே சொல்கிறார். மயிலைப் பதிகத்தில் வரிசையாகத் திருவிழாக்கள்.

பங்குனியில் அறுபத்துமூவர் அன்று போய்ப் பாருங்கள். அதே வீதிகளில் கூப்பிட்டுக் கூப்பிட்டு மோரும் சாதமும் தருவார்கள். ‘கல்யாணம் ஆயிடுச்சா தம்பி?’ என்று யாரும் கேட்பதில்லை. பலகை மட்டும் அன்றைக்கும் தொங்கிக்கொண்டுதான் இருக்கும்.