இரணியன் கேட்ட கேள்வி

நாமக்கல்லில் பிள்ளை வளர்க்கிறவர்கள் பிரகலாதன் கதையை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. ஊர் நடுவில் ஒரே கல்லாக நிற்கிற மலை. அதன் மேற்குப் பக்கத்தில், அதியர் குலத்து அரசன் 8-ஆம் நூற்றாண்டில் குடைய வைத்த நரசிம்மர் கோயில். அவரைப் பார்த்துக் கைகூப்பியபடி, தலைக்கு மேல் கூரை இல்லாமல், வெயிலையும் மழையையும் வாங்கிக்கொண்டு 18 அடி ஆஞ்சநேயர். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் வடைமாலை சாத்திவிட்டு அப்படியே பஸ் ஏறிவிடுவதும் உண்டு. குடைவரைக்குள் போகிறவர்கள் சுவரில் அந்தச் சிற்பத்தைப் பார்ப்பார்கள்: நரசிம்மர் மடியில் பிரகலாதனின் அப்பன் இரணியன்.

என் மகனுக்கு ஆறு வயது, மகளுக்கு மூன்று. வீட்டுக்காரர் டேங்கர் லாரி ஓட்டுகிறார். அவர் லோடுக்குப் போன நாட்களில் சாயங்காலம் இருவரையும் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போவேன். அந்தச் சுவருக்கு முன்னால் நிற்கும்போதெல்லாம் எனக்குள் ஒரே கேள்விதான். கோயிலுக்குள் நாம் எல்லோரும் பிரகலாதன் பக்கம். அப்பன் பேச்சைக் கேட்காத பிள்ளையைத்தான் பக்தன் என்று கும்பிடுகிறோம். வீடு திரும்பிச் செருப்பைக் கழற்றியதும், சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளைதான் நல்ல பிள்ளை. இரண்டையும் எப்படி ஒரே மனதில் வைத்திருக்கிறோம்?

முட்டைக்குப் பேர்போன ஊரில் என் மகள் மஞ்சள் கருவைத் தொடமாட்டாள். வேகவைத்த முட்டையை இரண்டு கையாலும் வாங்குவாள். வெள்ளையை நகத்தால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்துத் தின்பாள். மஞ்சளை உடையாமல் உருண்டையாகவே எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைப்பாள். அதற்கு அவள் எடுத்துக்கொள்ளும் கவனத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். "சத்து சாமி, ஒரே ஒரு வாய்" என்று கெஞ்சினால் உதட்டை இறுக்கிக்கொண்டு தலையை ஆட்டுவாள். பேச்சு வருவதற்கு முன்பே அந்தத் தலையாட்டல் வந்துவிட்டது. பசிக்காக அழுததும் தூக்கத்துக்காக அழுததும் உடம்பு கேட்டது. 'வேண்டாம்' என்றபோதுதான், இந்த உடம்புக்குள் என்னிலிருந்து வேறாக ஒருத்தி இருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது, கூடவே ஒரு பயமும் வந்தது. கோயிலில் வருகிற பயத்தைப் போன்றதுதான் அதுவும்.

இரணியனை நாம் பிறவியிலேயே கொடியவனாக நினைத்துக்கொள்கிறோம். பாகவதத்தில் அவன் முதலில் செய்வது வேறு. குருகுலத்திலிருந்து வந்த ஐந்து வயது மகனைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்கிறான். நீ கற்றதில் உனக்கு நல்லதாகப் படுவது எது, சொல்லு கண்ணு என்று கேட்கிறான். அது பாசமான கேள்வி. பள்ளிக்கூட வேனிலிருந்து இறங்குகிற பிள்ளையிடம் நாம் கேட்பதும் அதையேதான். கேட்டதில் அவனிடம் குற்றமில்லை. வந்த பதிலைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. வால்மீகியில் இல்லாத இந்தக் கதைக்கு கம்பர் தன் ராமாயணத்தில் ஒரு தனிப் படலமே ஒதுக்கினார். அதிலும் அப்பனுக்கு வேண்டியது தன் பேர். பிள்ளை வாயில் வரவேண்டியது இரணியன் நாமம். நெருப்பும் விஷமும் யானையும் அதற்கப்புறம்தான் வருகின்றன.

பேர் என்றால் எங்கள் பக்கத்தில் எவ்வளவு பெரிய விஷயம் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால்தான் தெரியும். "பேரு கெட்டுப்போயிரும்" என்பதைவிடப் பெரிய மிரட்டல் இங்கே கிடையாது. இந்த மாவட்டத்தில் விடுதியோடு கூடிய பள்ளிகள் பெருகிய கதை தமிழ்நாட்டுக்கே தெரியும். 'பிராய்லர் பள்ளி' என்று ஊரே பட்டப்பேர் வைத்தது. விடியும் முன்பே எழுப்பிப் படிக்க வைக்கிறார்கள். பிள்ளை எடுக்கும் மதிப்பெண் அப்பனுக்குப் பேராக மாறுகிறது. அந்தப் பெற்றோரை நான் பழிக்கமாட்டேன். மழையில்லாத காட்டை நம்பிப் பிழைத்தவர்கள், பிள்ளையாவது கரையேறட்டும் என்று கடன் வாங்கிக் கட்டிய பணம் அது. ஆனாலும் அந்த விடுதிகளில் எத்தனை பேரிடம், உனக்கு நல்லதாகப் படுவது எது என்று மடியில் வைத்துக் கேட்டிருப்பார்கள்?

இந்த மண்ணில் கேட்கப்படாமலே போன பிள்ளைகளும் உண்டு. அதை விட்டுவிட்டு இந்த விஷயத்தை எழுத எனக்கு மனம் வரவில்லை. 1992-இல் அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது சேலம் மாவட்டத்தில். நாமக்கல் அப்போது அந்த மாவட்டத்துக்குள் இருந்தது, 1997-இல்தான் பிரிந்தது. பிறந்தது பெண் என்றால் கள்ளிப்பால் என்ற கொடுமையை நிறுத்தத்தான் அந்தத் தொட்டில்கள் வைக்கப்பட்டன. வேண்டாமென்றால் கொல்லாதீர்கள், எங்களிடம் கொடுத்துவிடுங்கள் என்று அரசே சொல்ல வேண்டியிருந்தது. இதே பக்கத்தில்தான் பிள்ளை வரம் வேண்டி திருச்செங்கோட்டு மலை ஏறுகிறார்கள். பாதி ஆண், பாதி பெண்ணாக நிற்கும் அர்த்தநாரீசுவரரிடமே போய், ஆண்பிள்ளையாகக் கொடு என்று கேட்டவர்களும் இருந்திருப்பார்கள். நிபந்தனை போட்டுக் கேட்பதை வரம் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. பிள்ளை என் உடைமை, வைத்துக்கொள்வதும் வேண்டாமென்பதும் என் இஷ்டம் என்ற நினைப்பின் கடைசிப் படி அந்தக் கள்ளிப்பால்.

சமயம் எப்போதும் பிள்ளை பக்கமே நிற்கிறது என்றும் சொல்ல முடியாது. பெரியபுராணத்துச் சிறுத்தொண்டர் கதையை இரவில் என் பிள்ளைகளுக்குச் சொல்ல என்னால் ஆகாது. அடியாருக்கு விருந்து வைக்க மகன் சீராளனை அரிகிறார்கள். தாய் காலை மடியில் இடுக்கிக்கொள்கிறாள், கைகளையும் பிடித்துக்கொள்கிறாள். அம்மாவும் அப்பாவும் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று நினைத்து அந்தப் பிள்ளை சிரிக்கிறான். சேக்கிழார் அந்தச் சிரிப்பை விடாமல் சொல்லிவிட்டார். கடைசியில் சிவன் பிள்ளையைத் திருப்பிக் கொடுக்கிறார் என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சிரிப்பைத் தாண்டி என்னால் முடிவுக்குப் போக முடிந்ததில்லை. அப்பன் பக்திமான், சந்தேகமில்லை. பிள்ளையை அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்ராஹீம் நபி கதை எதிர்வீட்டு அக்கா பக்ரீதுக்குச் சொல்லிக் கேட்டது. குர்ஆனில் அவர் மகனிடம், உன்னை அறுத்துப் பலியிடுவதாகக் கனவு கண்டேன், நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்கிறார். மகன் ஒப்புக்கொள்கிறான். கொடுமையான கட்டளைக்கு நடுவிலும் பிள்ளையைக் கேட்கிற அந்த ஒரு வார்த்தை எனக்குப் பெரிதாகப் படுகிறது. நம் சிவனும் சுவாமிமலையில் மகன் முன்னால் சீடனாக உட்கார்ந்து கேட்டவர்தானே.

பிள்ளை கடவுளுடையது என்று சொன்னால் போதாது. அதைக் கேட்க வேண்டும், வருகிற பதிலைத் தாங்கவும் வேண்டும். நான் வந்து சேர்ந்திருக்கிற இடம் இதுதான்.

எல்லாவற்றுக்கும் கேட்க முடியுமா? முடியாது. பரமத்தி ரோட்டில் லாரிகள் போகும்போது நான் கேட்கமாட்டேன், கையை இறுக்கிப் பிடிப்பேன். காய்ச்சல் மருந்தை அழ அழ ஊற்றியிருக்கிறேன். உன் நல்லதுக்குத்தான் என்று இரணியனும் சொல்லியிருப்பான் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் கை ஓங்கும் நேரத்தில் எனக்கு நானே ஒன்று பார்த்துக்கொள்கிறேன்: இந்தக் கோபம் அவளுக்கு அடிபடும் என்பதற்கா, என் பேர் கெடும் என்பதற்கா? கல்யாண வீட்டில் பட்டுப்பாவாடை வேண்டாமென்று தரையில் புரளும்போது வரும் கோபம் முழுக்க இரண்டாவது வகை. அவள் புரள்வதால் அவளுக்கு ஒன்றும் ஆவதில்லை. சுற்றி நிற்கும் சொந்தபந்தம்தான் என்னைப் பார்க்கிறது.

இப்போது வீட்டில் காதுகுத்துப் பேச்சு. மகனுக்கு முதல் வருடமே குலசாமி கோயிலில் மொட்டையடித்துக் காது குத்தியாகிவிட்டது. மகளுக்குத் தள்ளிப்போய் மூன்று வயதாகிவிட்டது. அவளிடம் சொல்லி, அவள் சரி என்ற பிறகு செய்யலாம் என்றேன் அத்தையிடம்.

"மூணு வயசுப் புள்ளைகிட்ட என்னத்தக் கேக்கறது? மாமன் மடில உக்கார வெச்சா ரெண்டு நிமிசத்துல முடிஞ்சுது. நான் நாலு பெத்தேன், ஒண்ணையும் கேக்கல. நாலும் நல்லாத்தான் இருக்குது."

"நல்லாத்தான் இருக்காங்க அத்தை. இவளக் கேட்டுப் பாக்கலாமேன்னுதான்."

"புள்ள நம்முளுதா என்ன? குலசாமி குடுத்தது. சாமிக்குச் செய்யறதுக்கு யாரைக் கேக்கோணும்?"

பிள்ளை நம்முடையதில்லை என்பதில் எனக்கும் அத்தைக்கும் வேற்றுமையே இல்லை. அவர் அதைச் சும்மா வாயால் சொல்கிறவரும் இல்லை. என் மகளுக்கு வலிப்பு வந்த இரவில் ஆஸ்பத்திரி வராந்தாவில் விடியும்வரை உட்கார்ந்து குலசாமியை அழைத்தவர். நம்முடையது இல்லை, அதனால் கேட்க வேண்டியதில்லை என்கிறார் அவர். நம்முடையது இல்லை, அதனால்தான் கேட்க வேண்டும் என்கிறேன் நான். சாமி பிள்ளைக்குள் வைத்தது உயிரை மட்டுமா, அந்த 'மாட்டேன்' என்பதையும் சேர்த்தா என்பதுதான் எங்களுக்குள் இருக்கிற வழக்கு.

மகளிடம் சொன்னேன். "வலிக்குமா?" என்றாள். வலிக்கும் என்றேன். "தோடு என்ன கலரு?" என்றாள். அதைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினோம். இப்போதைக்கு அவள் பதில் 'மாட்டேன்'. தை முடிகிறவரைக்கும் கேட்டுப் பார்க்க அத்தை தவணை கொடுத்திருக்கிறார். அதற்கப்புறமும் மாட்டேன் என்றால் குலசாமியிடம் பூக்கேட்டு முடிவு செய்வதாகப் பேச்சு. சாமி என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வதாக நானும் ஒப்புக்கொண்டிருக்கிறேன். பூ கேட்கும்போது மகளும் கூட நிற்க வேண்டும் என்பது மட்டும் என் வேண்டுகோள்.