வயிற்றைக் குறைத்தலும் ஆசையைக் குறைத்தலும்

மிகுந்த உடற்பருமனால் நோயுற்றவர்களுக்கு இரைப்பையை அறுத்துச் சிறிதாக்கும் சிகிச்சை இன்று நம் குடும்பங்களிலும் பேசப்படும் செய்தியாகிவிட்டது. 2019-21 ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களுள் நூற்றுக்கு நாற்பது பேர் உரிய எடையினும் மிகுந்தவர்கள். அவர்களுள் நம் மகளிரும் அடங்குவர். ஆகவே, ஜினதர்மத்தைக் கைக்கொண்ட இல்லறத்தார் இச்சிகிச்சையை ஏற்கலாமா, ஏற்பதாயின் பல மருத்துவமனைகளுள் ஒன்றை எந்த அளவுகோலால் தேர்வது என்னும் இரு கேள்விகளும் நம்முன் நிற்கின்றன.

முதற்கேள்வி அறத்தைப் பற்றியது, இரண்டாவது வெறும் உலகியல் என்று பலர் கருதுவர். நாம் அவ்வாறு கருதவில்லை. தேர்ந்தெடுக்கும் முறையிலும் வாய்மையும் அகிம்சையும் சோதிக்கப்படுகின்றன என்பதே இக்கட்டுரையின் கருத்து.

நோயும் பழியும்

பருத்த உடலுடையாரைக் கண்டதும், "நாவை அடக்காதவர்" என்று தீர்ப்புக் கூறும் வழக்கம் நம்மிடையே உண்டு. நோன்பையும் உணவுக் கட்டுப்பாட்டையும் உயிராகப் போற்றும் சமூகத்தில் இப்பழி இன்னும் கூர்மையாகத் தைக்கிறது. ஆனால் நம் ஆகமம் என்ன சொல்கிறது? உடலின் அமைப்பு நாமகர்மத்தின் விளைவு. இன்ப துன்ப நுகர்ச்சி வேதனீய கர்மத்தின் விளைவு. இக்கால மருத்துவமும், பசியும் எடையும் மனவுறுதி ஒன்றினால் மட்டும் ஆள்வன அல்ல, பரம்பரையும் சுரப்புகளும் அவற்றை ஆள்கின்றன என்றே கூறுகிறது. பிறருடைய வினையின் கணக்கை நாம் படித்தவர்போல் பேசுவது தகாது. புண்படுத்தும் சொல்லும் இம்சையே.

சுவாமி சமந்தபத்திராசாரியரின் வரலாற்றை நம் குழந்தைகளும் அறிவர். காஞ்சியோடு தொடர்புடையவராகப் போற்றப்படும் அம்மகானுக்கு, எவ்வளவு உண்டாலும் தீராத பசியைத் தரும் பஸ்மகம் என்னும் நோய் வந்தது. துறவொழுக்கத்தைக் காத்துக்கொண்டு அந்நோயைத் தீர்க்க இயலாமையால், சல்லேகனை ஏற்க அவர் குருவிடம் அனுமதி வேண்டினார். குரு மறுத்தார். வேடத்தைத் தற்காலிகமாக நீக்கி, நோயைத் தீர்த்துக்கொண்டு, மீண்டும் தீக்கை பெறுமாறு பணித்தார். அவர் அந்நோயை வென்ற செய்தியை, சிரவணபெளகொளாவிலுள்ள 12 ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டும் குறிக்கிறது.

பசியே நோயாக வந்தபோது, மகாமுனிவரைக்கூட அவர் குரு பழிக்கவில்லை. மருந்தின்பால் செலுத்தினார் என்பதை நாம் இங்கே சிந்திக்க வேண்டும். அதே ஆசாரியர் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரம், சல்லேகனைக்குரிய சூழல்களை விளக்கும்போது, பரிகாரமில்லாத நோய் என்றே வரையறுக்கிறது. பரிகாரம் உள்ள நோய்க்குப் பரிகாரம் தேடுதல் இல்லறத்தார்க்கு விலக்கன்று.

கத்தி தரும் பயனும் தராத பயனும்

சிகிச்சையின் இயல்பைச் சிறிது அறிவோம். ஸ்லீவ் என்னும் முறையில் இரைப்பையின் ஏறத்தாழ முக்கால் பங்கு வெட்டி அகற்றப்படுகிறது. வாழைப்பழம் போன்ற ஒரு குழாயே எஞ்சுகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் சுரப்பு பெரிதும் அகற்றப்படும் பகுதியில் சுரப்பதால் பசியும் குறைகிறது. அகற்றியதை மீண்டும் வைக்க இயலாது. பைபாஸ் முறையில், இரைப்பையின் மேற்பகுதியில் ஏறத்தாழ 30 மில்லி கொள்ளும் சிறுபை அமைத்து, அதனைச் சிறுகுடலோடு நேராக இணைக்கின்றனர். முன்னதில் நெஞ்செரிச்சல் மிகக்கூடும். பின்னதில் சத்துக்குறைவும், இனிப்பு உண்டால் மயக்கமும் படபடப்பும் வரக்கூடும்.

பயன் சிறிதன்று. சுவீடன் நாட்டில் 1987 இல் தொடங்கிய பெரும் ஆய்வின் முடிவுகள் 2007 இல் வெளிவந்தன. அறுவை செய்துகொண்டோரிடையே இறப்பு, செய்துகொள்ளாதோரைவிட ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் பலருக்குத் தணிகின்றன. இடரும் இல்லாமற் போகவில்லை. 2009 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், முப்பது நாட்களுக்குள் இறந்தோர் ஆயிரத்துக்கு மூவர்.

இனி நம் தத்துவக் கேள்விக்கு வருவோம். புறத்தவம் ஆறனுள் இரண்டாவது, வயிறு நிறையாமல் குறைத்துண்ணும் அவமௌதரியம். அறுவையால் வயிறு சிறிதானவர் குறைத்துத்தான் உண்கிறார். அது தவமாகுமா? ஆகாது. தவம் இச்சையை அடக்குவது. இங்கே இடம்தான் அடங்குகிறது. பாத்திரம் சிறிதானதனால் ஆசை சிறிதாயிற்று என்று சொல்ல முடியாது. யசோதர காவியத்தில் உயிரற்ற மாக்கோழியைப் பலியிட்டும் வினை பற்றியதற்குக் காரணம் உள்ளத்தின் கருத்தே. அதே நியாயத்தால், கருத்தில் துறவு இல்லாதவிடத்து உண்ணாமை மட்டும் நோன்பாகிவிடாது.

எனினும் இதன் மறுபக்கத்தையும் காண வேண்டும். தவமன்று என்பதனாலேயே குற்றம் என்றும் ஆகிவிடாது. முறிந்த காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டவரைப் பொறுமையிலார் என்று யாரும் சொல்வதில்லை. நோய் நீங்கிய உடல், சுவாத்தியாயம் செய்யவும், ஆலயத்தின் படி ஏறவும், தானம் செய்யவும் கருவியாகிறது. மருத்துவத்தை மருத்துவமாகவும் தவத்தைத் தவமாகவும் வைத்துக்கொள்வதே நற்காட்சி.

இதிலிருந்து ஓர் எல்லையும் பெறப்படுகிறது. நோய் தீர்க்க ஏற்பது ஒன்று. திருமணப் புகைப்படத்திற்காகவோ பிறர் கேலிக்கு அஞ்சியோ ஏற்பது மற்றொன்று. பெண் பார்க்க வருவோருக்காக மகளின் உடல் உறுப்பை அறுக்கத் துணியும் பெற்றோர், அவள் உடலை அவளுடையதாகக் கருதவில்லை. மேலும், இச்சிகிச்சைக்குப் பின் ஒன்று முதல் ஒன்றரை ஆண்டு வரை கருத்தரித்தலைத் தள்ளிவைக்குமாறு மருத்துவர் கூறுவர். மணம் முடித்த கையோடு பேரனை எதிர்பார்க்கும் வீட்டார் இதனை முன்னரே அறிய வேண்டும்.

தேர்வின் நான்கு உறுப்புகள்

நம் முன்னோர் ஏலாசாரியர் அருளியதாகப் போற்றும் திருக்குறளின் மருந்து அதிகாரம், நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுவோர் என்னும் நான்கு உறுப்புகளைக் கூறி நிறைவுறுகிறது. மருத்துவமனையைத் தேர்வோருக்கு இந்நான்கினும் சிறந்த வரிசை இல்லை.

முதலாவது, நோயாளி. தாம் இச்சிகிச்சைக்கு உரியவர்தாமா என்று அவர் அறிய வேண்டும். உடல் நிறையை உயரத்தோடு ஒப்பிடும் பி.எம்.ஐ. என்னும் கணக்கு 40, அல்லது கடும் துணைநோய்களோடு 35 என்பது 1991 இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட அளவு. 2022 இல் உலக அறுவை வல்லுநர் அமைப்புகள் இதனைத் தளர்த்தின. நம் நாட்டுக் காப்பீட்டு விதிகள் பழைய அளவையே ஒட்டி, எளிய வழிகள் பயனளிக்காமற் போயிருக்கவும் வேண்டும் என்கின்றன. எடைக் குறைப்புக்கென 2025 முதல் நம் நாட்டிலும் விற்கப்படும் ஊசிமருந்துகளைப் பற்றியும் கேட்க வேண்டும். வேறு வழி உண்டா என்று கேட்பவரை முகஞ்சுளிக்காமல் ஏற்கும் இடமே நல்ல இடம்.

இரண்டாவது, மருத்துவர். அவருடைய விளம்பரத்தைப் பாராமல் கைத்திறனைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இருபது அறுவை மருத்துவர்களின் கைத்திறனைப் படக்காட்சி வழியே சக மருத்துவர்கள் மதிப்பிட்ட ஆய்வு 2013 இல் வெளிவந்தது. திறன் குறைந்த கால்பகுதியினரிடம் சிக்கல்கள் நூற்றுக்கு 14.5, திறன் மிகுந்தோரிடம் 5.2. அறுவை ஒன்றே, கை வேறு. எனவே, "இதுவரை எத்தனை பேருக்குச் செய்தீர்கள்? எத்தனை பேருக்குக் கசிவோ இரத்தப்போக்கோ ஏற்பட்டது? அப்போது என்ன செய்தீர்கள்?" என்று பணிவோடு கேட்பதில் அவமரியாதை ஏதுமில்லை. எண்ணிக்கையோடு விடை சொல்பவரிடம் வாய்மை இருக்கிறது. "ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை" என்பாரிடம் எச்சரிக்கையாக இருத்தல் நன்று. நோயாளியை அனுப்பியவருக்குக் கமிஷன் தருவதும் பெறுவதும் 2002 ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகளில் தடுக்கப்பட்டவை. ஆதலால் ஒருவர் ஒரே மருத்துவமனையை வலிந்து பரிந்துரைத்தால், காரணத்தைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

மூன்றாவது, மருந்து. இங்கேதான் நம் அணுவிரதங்கள் நேரே தொடப்படுகின்றன. இரத்தம் உறையாதிருக்கப் போடும் ஹெப்பாரின் ஊசி பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படுவது. பல மாத்திரை உறைகள் விலங்கின் எலும்பிலும் தோலிலும் வடிக்கும் ஜெலட்டினால் ஆனவை. வைட்டமின் டி3 பெரும்பாலும் ஆட்டு உரோமத்தின் கொழுப்பிலிருந்து பெறப்படுகிறது. இவற்றுள் பலவற்றிற்கு மாற்று உண்டு. ஃபோண்டாபாரினக்ஸ் என்னும் ஊசி முற்றிலும் செயற்கையாக ஆக்கப்படுவது. ஆயினும் எந்த மாற்று எந்த நோயாளிக்குப் பொருந்தும் என்று முடிவு செய்வது மருத்துவரின் கடமை. முன்கூட்டியே கேட்டால் அவர் ஆராய்ந்து சொல்வார். அறுவைக்கு முதல்நாள் இரவில் கேட்டால் இருதரப்பும் இடர்ப்படும். மாற்றில்லாத நிலை வந்தால், ஏற்பதா மறுப்பதா என்பதை நோயாளி தெளிந்த மனத்தோடு முன்னரே முடிவு செய்திருக்க வேண்டும். அம்முடிவு உறவினருடையது அன்று.

நான்காவது, பேணுவோர். அறுவை ஓரிரு மணி நேரம். பேணுதல் ஆயுள் முழுவதும். நாள்தோறும் ஏறத்தாழ 60 கிராமுக்குக் குறையாத புரதம், வாழ்நாள் முழுதும் பி12, இரும்பு, சுண்ணாம்புச் சத்துகள், ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனை ஆகியவை வேண்டும். அறுவை முடிந்து ஐந்தாண்டுக்குப் பின்னும் கதவு திறந்திருக்குமா, உணவியலாரும் மனநல மருத்துவரும் உடனுள்ளனரா, நம் ஊரிலிருந்து சென்றுவரும் தொலைவில் உள்ளதா என்பன விலையினும் முதன்மையான கேள்விகள். இங்கே இல்லத்தாருக்கும் பங்குண்டு. ஒருவர் சிறுகிண்ணத்தில் உண்ண, மற்றவர் பந்தி விரித்து உபசரித்துக்கொண்டே இருந்தால் பேணுதல் எங்கே?

விரதமும் மருத்துவரும்

எம் உறவினருள் 45 வயதுப் பெண்மணி ஒருவர், 118 கிலோ எடையும் கட்டுக்கடங்காத சர்க்கரையும் உடையவர், இரு மருத்துவமனைகளை அணுகினார். இரவு உண்ணாமையும் கிழங்கு விலக்கும் அவர் இளமைமுதல் காத்துவரும் விரதங்கள். முதலிடத்தில், "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம் அம்மா" என்று கூறி, அவ்வாரமே பணம் கட்டினால் சலுகை என்றனர். இரண்டாமிடத்தில் கட்டணமும் மிகுதி; மூன்று மாத ஆயத்தமும் வேண்டும் என்றனர். ஆனால் அங்கிருந்த உணவியலார், காலை ஆறரை முதல் மாலை ஐந்தே முக்கால் வரைக்குள் அடங்குமாறு, பாலும் தயிரும் பனீரும் பருப்பும் கொண்டு ஆறு சிறுவேளைகளை வகுத்துக் கொடுத்தார். உணவோடு சேர்த்து நீர் அருந்தலாகாது என்பதால் இடைவேளைகளில் சிறிது சிறிதாக அருந்த நேரமும் குறித்தார். "முதலாண்டில் நீரும் அருந்தா உபவாசம் கூடவே கூடாது, இதில் விட்டுக்கொடுக்க முடியாது" என்று வெளிப்படையாகவும் சொன்னார்.

வீட்டில் வாதம் எழுந்தது. எல்லாவற்றிற்கும் இசைந்த முதலிடமே நம் சமயத்திற்கு இணக்கமானது என்றனர் சிலர். அப்பெண்மணி மாறாகக் கருதினார். "எதற்கும் இசைந்தவர்கள் என் விரதத்தைக் கேட்கவே இல்லை. மறுத்தவர்தாம் கேட்டார்" என்றார். அவர் இரண்டாமிடத்தையே தேர்ந்தார்.

அவர் கூற்றில் உண்மை உளது. பதினாறு பாவனைகளுள் தியாகமும் தவமும் சக்திக்கு ஏற்பவே விதிக்கப்பட்டுள்ளன. சக்திக்கு மிஞ்சிய நோன்பு உடலைக் கெடுத்து உள்ளத்தில் ஆர்த்த தியானத்தையே வளர்க்கும். தசலக்ஷண பர்வத்தில் உபவாசம் இயலாதவர், முனிவரிடமோ ஆரியாங்கனையிடமோ கேட்டு, சுவைகளுள் ஒன்றை விடும் இரச பரித்தியாகத்தையும் சுவாத்தியாயத்தையும் ஏற்கலாம். மருத்துவரிடம் விரதத்தை மறைப்பதும், குருவிடம் நோயை மறைப்பதும் ஒருசேரத் தவறு. இருவரும் வேறு வேறு நயங்களிலிருந்து ஒரே உயிரைக் காண்கின்றனர். அவ்விரு காட்சிகளையும் தம்முள் இணைத்துக்கொள்வது நோயாளி செய்யும் அநேகாந்தம்.

ஈராண்டில் அப்பெண்மணியின் எடை 34 கிலோ குறைந்தது. சில மாதங்கள் முடி மிகுதியாக உதிர்ந்தது. சர்க்கரை மாத்திரைகள் குறைந்தன, முற்றும் நீங்கவில்லை. அண்மையில் அவர் கூறியது: "வயிறு சிறிதாகிவிட்டது. ஆனால் வடை சுடும் மணம் வந்தால் மனம் அங்கேதான் போகிறது. என் நோன்பு இனிமேல்தான் தொடங்குகிறது."

மருத்துவர் செய்யக் கூடியதை மருத்துவர் செய்துவிட்டார். எஞ்சியது அவருக்கே உரிய வேலை. நம் ஒவ்வொருவருக்கும் உள்ள வேலையும் அதுவே. ஆகவே, இச்சிகிச்சையை நாடுவோரைப் பழியாமலும், நாடாதோரை வற்புறுத்தாமலும், தேர்வோருக்கு நற்கேள்விகளைக் கற்பித்தும் துணைநிற்பது சமூகத்தின் கடமை என்று நாம் கருதுகிறோம்.

அறம் வளர்க!