சொல்லை நம்பிக் குடிக்கும் மருந்து

இருமல் மருந்தில் நாக்கின் சாட்சி செல்லாது. இனிப்பும் சிவப்பு நிறமும் பழ வாசனையும் நல்ல மருந்திலும் உண்டு, நஞ்சு கலந்த மருந்திலும் உண்டு. பிறகு பாட்டிலுக்குள் இருப்பது மருந்துதான் என்று எதை வைத்து அறிவது? அறிவுக்கு வழி எது என்று தத்துவ நூல்கள் எழுப்பும் கேள்விதான் இங்கே ஒரு தேக்கரண்டியில் வந்து நிற்கிறது.

வைணவர்களின் விசிஷ்டாத்வைதம் இந்த வழிகளை மூன்றாக்குகிறது: பிரத்யட்சம், அனுமானம், சப்தம். கண்டு அறிவது, கருதி அறிவது, நம்பத்தகுந்தவர் சொல்லக் கேட்டு அறிவது. பெரியாழ்வாரும் ஆண்டாளும் பிறந்த ஸ்ரீவில்லிபுத்தூருக்கு இது புதிய பாடம் அல்ல.

முதல் வழி எப்படித் தோற்கும் என்பதை 2025 காட்டியது. காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் தயாரான ‘கோல்ட்ரிஃப்’ மருந்தைக் குடித்த குழந்தைகள் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். எண்ணிக்கை இருபதைத் தாண்டியது. தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எடுத்த மாதிரியில் டை எத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம் இருந்தது. அனுமதிக்கப்படும் அளவு 0.1 சதவீதம். மருந்தில் சேர்க்கும் கிளிசரின் போலவே இந்த நஞ்சும் இனிக்கும். தெளிவாக, கொழகொழப்பாக இருக்கும். பெற்ற தாய் தானே ஒரு சொட்டு ருசி பார்த்துக் கொடுத்திருந்தாலும் தெரிந்திருக்காது. அமெரிக்காவில் 1937-லும் சென்னையில் 1972-லும் காம்பியாவில் 2022-லும் இதே நஞ்சு குழந்தைகளின் உயிரைக் குடித்திருக்கிறது.

அனுமானம் இன்னும் நயமாக ஏமாற்றும். ‘போன மார்கழியில் இந்த மருந்துக்குத்தான் கேட்டது, இப்போதும் கேட்கும்’ என்பது வீடுதோறும் நடக்கும் வாதம். நியாய நூலார் மொழியில் இது பழுதுள்ள ஏது. இருமல் ஒன்று, காரணம் பல. ராஜபாளையத்து நூற்பாலைகளில் பஞ்சைப் பிரித்துச் சீவும் புளோ ரூமிலும் கார்டிங்கிலும் நிற்பவருக்குப் பஞ்சுத் தூசியால் இருமல் வரலாம். வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகினால் அந்தச் சந்தேகம் வலுக்கும். அவர் வீட்டுக் குழந்தையின் இருமல் சாதாரண ஜலதோஷமாகவும், தாத்தாவின் இருமல் காசநோயாகவும் இருக்கலாம். வறட்டு இருமலுக்கான டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபானும் கோடீனும் மூளையில் இருமலைத் தூண்டும் இடத்தை அடக்குபவை. சளி கட்டிய நெஞ்சுக்கு அவற்றைக் கொடுத்தால், வெளியேற வேண்டிய சளி உள்ளேயே தங்கும். சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் வேறு வகை. (ஆடாதோடை இலையில் உள்ள வாசிசினை முன்மாதிரியாக வைத்து உருவாக்கப்பட்டது அது, கை வைத்தியமும் ஆங்கில மருந்தும் நினைப்பதைவிட நெருங்கிய உறவு.) குளோர்ஃபெனிரமின் கலந்த மருந்து தூக்கத்தைக் கொண்டுவரும். நைட் ஷிப்டில் ஓடும் இயந்திரத்தின் பக்கத்தில் நிற்பவருக்கு அது சின்ன விஷயம் அல்ல.

எஞ்சுவது சப்தம். எல்லார் சொல்லும் பிரமாணம், அதாவது அறிவுக்கு வழி, ஆகிவிடாது. பொருளை அறிந்தவர், அறிந்ததை மறைக்காமல் சொல்பவர், கேட்பவரின் நலம் நாடுபவர், அவர்தான் ஆப்தர். அந்தச் சொல் அறுபடாத வழியில் வந்து சேரவும் வேண்டும். திருப்பாவை ஓதுமுன் பராசர பட்டரும் உய்யக்கொண்டாரும் அருளிய தனியன்களைச் சொல்வது வழக்கம்; நூல் யாருடையது, எந்த ஊரது என்பதை அவை முதலில் நினைவூட்டும். மருந்துப் பாட்டிலின் லேபிளும் ஒருவகைத் தனியன்தான்: தயாரித்தவர், தொகுதி எண், காலாவதித் தேதி, மருத்துவர் சீட்டு வேண்டும் என்பதற்கான சிவப்புக் கோடு. கோல்ட்ரிஃப் விவகாரத்தில் அரசு எச்சரித்தது ‘எஸ்ஆர்-13’ என்ற தொகுதி எண்ணைச் சொல்லித்தான். லேபிள் கிழிந்த பாட்டிலை வைத்திருந்தவருக்கு அந்த எச்சரிக்கை பயன்பட்டிருக்காது.

சப்தத்துக்கு இன்னொரு எல்லையும் உண்டு, பலரும் கவனிக்காதது. மருந்துச் சீட்டு ஒருவரை நோக்கி, ஒரு நாளில், ஓர் அளவுக்குச் சொல்லப்பட்ட சொல். அக்காவுக்கு எழுதியது தம்பிக்குச் சொன்னதாகாது. வயதும் அந்த எல்லையில் அடங்கும். இருமல், சளி மருந்துகளை இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு எழுதவோ கொடுக்கவோ கூடாது, ஐந்து வயதுக்குள் பொதுவாகத் தவிர்க்க வேண்டும் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2025 அக்டோபரில் அறிவுறுத்தியது.

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறாக்கி, பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்பவரையும் நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றுக்குச் சமமாக வைக்கிறது. நள்ளிரவில் தூக்கக் கலக்கத்தோடு பாட்டிலைத் திறக்கும் தாய்தான் அந்த நான்காம் கூறு. அடுக்களைக் கரண்டிகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. பாட்டிலோடு வரும் மூடியில் 5 மி.லி. கோடு பார்த்து ஊற்றுவதே அளவு. மருந்து கொடுத்தபின் குழந்தைக்குச் சிறுநீர் குறைந்தாலோ வாந்தி நிற்காவிட்டாலோ மீதி மருந்தை நிறுத்திவிட்டு, பாட்டிலையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

வைத்தியரை நாராயணனாகவே காணும் மரபில், அவரிடம் கேள்வி கேட்பது நம்பிக்கைக் குறைவாகப் படலாம். அது தவறான கூச்சம். ஞானியரைப் பணிந்து மட்டும் அல்ல, கேள்வி கேட்டும் அறிந்துகொள் என்றுதான் கீதையே அர்ச்சுனனுக்குச் சொல்கிறது. இது வறட்டு இருமலுக்கா சளிக்கா, தூக்கம் வருமா, ஏற்கெனவே சாப்பிடும் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளோடு சேருமா, எத்தனை நாள் என்று கேட்கலாம், கேட்க வேண்டும். இரண்டு வாரம் தாண்டியும் நிற்காத இருமலுக்கு அடுத்த பாட்டில் தேவையில்லை, காசநோய்க்கான சளிப் பரிசோதனைதான் தேவை. அரசு மருத்துவமனையில் அதற்குக் கட்டணம் இல்லை.