பாராட்டும் தீட்டும்: ஒரு கேடயம் பற்றிச் சில குறிப்புகள்

சின்னம்மா வீட்டில் டி.வி.க்குப் பக்கத்தில் ஒரு கேடயம் இருக்கிறது. மரப்பலகை மேல் தங்க நிறத் தகடு ஒட்டியது. ‘சிறந்த சேவைக்காக’ என்று எழுதி, கீழே சின்னம்மா பெயரைப் போட்டிருக்கிறார்கள். பெயரில் ஓர் எழுத்து தப்பு. பார்க்கிறபோதெல்லாம் எனக்குக் கோபம் வரும். சின்னம்மாவுக்கு வராது. ஊருக்கு வருகிறபோதெல்லாம் துணியால் துடைத்து வைக்கும். அந்தக் கேடயத்தால் எங்களுக்குள் வந்த சண்டையைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். குடும்பச் சண்டையை எதற்குப் பத்திரிகைக்குக் கொண்டுவருகிறான் என்று தோழர்கள் கேட்கலாம். நமக்குத் தத்துவம் வேறு எங்கே கிடக்கிறது?

சின்னம்மா ஹோம் நர்ஸ். நர்ஸ் என்பது ஒரு பேச்சுக்கு. எட்டாவது வரைக்கும் படித்தது. சித்தப்பா செத்த பிறகு திருவண்ணாமலைப் பக்கத்துச் சேரியிலிருந்து சென்னைக்கு வந்து ஒரு ஏஜென்சியில் சேர்ந்தது. பத்து நாள் பழக்கினார்கள், வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். மிச்சத்தைப் படுக்கையில் கிடந்தவர்களின் உடம்புகளே கற்றுக் கொடுத்தன. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் இடுப்பிலும் குதிகாலிலும் புண் வரும்; விட்டால் எலும்பு தெரிகிற வரைக்கும் போகும். மூக்கு வழியாகப் போட்ட குழாயில் கஞ்சி ஊற்றும்போது தலைமாட்டை உயர்த்தி வைக்கணும், இல்லைன்னா நுரையீரலுக்குள் இறங்கிவிடும். மூத்திரப் பையை இடுப்புக்குக் கீழேதான் தொங்கவிடணும். இதெல்லாம் சின்னம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். எம்.ஏ. தமிழில் இதற்கு இடமில்லை.

வீட்டுக்காரர்கள் ஏஜென்சிக்கு மாசம் 28,000 ரூபாய் கட்டினார்கள். சின்னம்மா கைக்கு வந்தது 17,000. இருபத்துநாலு மணி நேரமும் அங்கேயே கிடக்கணும். மாசத்துக்கு ரெண்டு நாள் லீவு. ஒரு பேஷண்ட் செத்து அடுத்த பேஷண்ட் கிடைக்கிற வரைக்கும் சம்பளம் கிடையாது. சாவு வீட்டில் அவர்களுக்குத் துக்கம். சின்னம்மாவுக்குத் துக்கத்தோடு வேலையும் போகும்.

அந்த ஏஜென்சி போன வருஷம் ஒரு விழா எடுத்தது. ‘பணியாளர்களையும் வாடிக்கையாளர்களையும் கொண்டாடுவோம்’ என்று பேனர். தி.நகர் பக்கம் ஒரு மண்டபம். துணைக்குப் போனேன். முன்வரிசை சோபாவில் வாடிக்கையாளர்கள். பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒரே நிறச் சேலை கட்டி நம் பெண்கள். ‘நம்’ என்று எப்படிச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். சின்னம்மாவோடு பேசிக்கொண்டிருந்தவர்களிடம் ஊரும் தெருவும் விசாரித்தேன். பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் காலனி. கணக்கெடுப்பெல்லாம் இல்லை, என் காது கேட்டது.

வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக மைக்கில் பேசினார்கள். சிலர் அழுதார்கள். பொய்யழுகை இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். சின்னம்மா வேலை பார்த்த வீட்டு மகள் மேடைக்கு வந்தார். அவருக்கும் ஒரு கேடயம், பணியாளரைக் ‘குடும்பத்தில் ஒருவராக’ நடத்தியதற்காக. அவர் கையாலேயே சின்னம்மாவுக்குச் சால்வையும் கேடயமும் கொடுக்க வைத்தார்கள். சால்வையைப் பிரித்துப் போர்த்தவில்லை. பிளாஸ்டிக் கவரோடு மடித்தபடியே கையில் வைத்தார். வரிசை நீளம், நேரமில்லை என்று காரணம் சொல்லலாம். எனக்கு அந்தக் காரணம் தோன்றவில்லை. அந்த வீட்டுக் கதை எனக்குத் தெரியும்.

அந்த வீட்டில் சின்னம்மா பதினோரு மாசம் இருந்தது. ஏஜென்சி பாரத்தில் ‘சைவமா, அசைவமா’ என்று ஒரு கேள்வி உண்டு. சாதியைச் சாதி என்று கேட்காமல் கேட்கிற வழி அது. சின்னம்மா ‘சைவம்’ என்று சொல்லித்தான் அங்கே போனது. பதினோரு மாசமும் அந்த வீட்டில் சைவம். லீவுக்கு ஊருக்கு வந்தால் முதல் வேலை கருவாட்டுக் குழம்பு. படுக்கையில் கிடந்த அம்மாவை மலஜலம் துடைத்து, குளிப்பாட்டி, பவுடர் போட்டு, தலை பின்னி, வாயில் விரலை விட்டுப் பல் துலக்கிவிட்டது சின்னம்மாதான். ஆனால் சமையல்கட்டுக்குள் போகக்கூடாது. கஞ்சிக் கிண்ணத்தை வாசற்படியில் வைப்பார்கள், எடுத்துக்கொள்ளணும். குடிக்க ஒரு எவர்சில்வர் டம்ளர், சாப்பிட ஒரு தட்டு, வாஷிங் மெஷின் மேல் தனியாக. சின்னம்மா விரல் அந்த அம்மாவின் வாய்க்குள் போகலாம், அந்த வீட்டு டம்ளருக்குள் போகக்கூடாது.

தீண்டாமை என்றால் தொடாமல் இருப்பது என்று பாடப் புத்தகத்தில் படித்தோம். அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு அதை ஒழித்துவிட்டது என்றும் படித்தோம். கோபால் குருவும் சுந்தர் சருக்கையும் 2012இல் வெளிவந்த தங்கள் நூலில் தொடுகை பற்றி விரிவாக விவாதித்திருக்கிறார்கள். சின்னம்மாவின் டம்ளரிலிருந்து பார்த்தால் எனக்குப் புரிவது இது: தொடுகிற வேலையை நம்மிடம் தள்ளிவிட்டு, தொட்டதால் வரும் உறவை மட்டும் மறுப்பதுதான் தீண்டாமை. வட இந்தியாவின் பல பகுதிகளில் தொப்புள்கொடி அறுத்தவர்கள் தலித் பெண்கள். இங்கே ஊர்ப் பிணத்துக்குப் பறையடித்ததும் குழி வெட்டியதும் நம்ம ஆட்கள். பிறக்கிற உடம்பும் செத்த உடம்பும் நம் கைக்கு வரும். நடுவில் வாழ்கிற உடம்புக்கு நாம் ஆகமாட்டோம். இப்போது ஆயுசு நீண்டுவிட்டது, பிள்ளைகள் அமெரிக்கா போய்விட்டார்கள், சாவதற்கே சில வருஷம் பிடிக்கிறது. அந்தச் சில வருஷமும் நம் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

பாராட்டு இதில் எங்கே வருகிறது? காந்தி 1936இல் ‘அரிஜன்’ இதழில் லட்சியத் தோட்டி எப்படி இருக்கவேண்டும் என்று எழுதினார். மலம் அள்ளுவது உன்னதமான தொண்டு என்றார். அம்பேத்கர் ‘காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாத மக்களுக்குச் செய்தது என்ன?’ என்ற 1945ஆம் வருஷத்து நூலில் இதற்குப் பதில் சொன்னார். ஒருவன் தோட்டியாக இருப்பது அவன் செய்யும் வேலையால் அல்ல, பிறப்பால். அந்த வேலையை உன்னதம் என்று புகழ்வது அவனை அங்கேயே கட்டிவைக்கத்தான் உதவும் என்பது அவருடைய வாதம். பிராமணன் மலம் அள்ளினாலும் தோட்டி ஆகமாட்டான். பிறகு 2019 பிப்ரவரியில் கும்பமேளாவில் துப்புரவுத் தொழிலாளர்கள் ஐந்து பேரின் காலைப் பிரதமர் கழுவினார். மலக்குழிச் சாவுகள் அதற்குப் பிறகும் நிற்கவில்லை. 2020 மார்ச் 22 அன்று சாயங்காலம் 5 மணிக்கு நாடே கை தட்டியது, தட்டைத் தட்டியது. அதே வருஷம்தான் எத்தனையோ அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வீட்டு வேலைக்குப் போகிற பெண்களைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தினார்கள்.

கைதட்டு சுலபம், சட்டம்தான் கஷ்டம். வீட்டுப் பணியாளர்களின் கண்ணியமான வேலைக்கான உடன்படிக்கையைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011இல் கொண்டுவந்தபோது இந்தியா ஆதரித்து ஓட்டுப் போட்டது. ஓட்டுப் போட்டதோடு சரி, இன்றுவரைக்கும் அதை ஏற்று உறுதி செய்யவில்லை. தமிழ்நாட்டில் 2018இல் வீட்டு வேலைக்கு மணிக்கணக்கில் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்தார்கள். நல்லதுதான். ஆனால் இருபத்துநாலு மணி நேரமும் ஒரு கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் போட்டுக் கிடக்கிறவளுக்கு எந்த மணி கணக்கில் வரும்? ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து புரட்டிப் போடுகிறாளே, அது தூக்கமா, வேலையா?

இதையெல்லாம் விழா முடிந்து பஸ்ஸில் வரும்போது சின்னம்மாவிடம் கொட்டினேன். கேடயத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கணும் என்றேன். மேடையிலேயே டம்ளரைப் பற்றிக் கேட்டிருக்கணும் என்றேன். சின்னம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டுக்கிட்டு வந்துச்சு. கிண்டி தாண்டியதும் என் பக்கம் திரும்பிச்சு.

“ஏன்டா, நீ மேடையில பேசினா கை தட்டுறாங்க இல்ல? ஊருக்கு வந்து எத்தினி பேரு தட்டினாங்கன்னு சொல்ற இல்ல? அது என்ன கூலியா? ஒனக்குத் தட்டினா புரட்சி, எனக்குத் தட்டினா ஏமாத்தா?”

பதில் வரவில்லை. இப்போதும் முழுசாக வந்துவிட்டது என்று சொல்லமாட்டேன்.

எங்கள் ஆயா ரெண்டு வருஷம் படுக்கையில் கிடந்துதான் செத்தது. பார்த்துக்கொண்டது அம்மாவும் அக்காவும். அக்காவுக்கு வந்த ரெண்டு சம்பந்தம் அதனாலேயே தள்ளிப்போனது. நான் அந்த ரெண்டு வருஷமும் தலித் விடுதலை பற்றிக் கூட்டம் கூட்டமாகப் பேசிக்கொண்டிருந்தேன். ராத்திரி வந்தால் சாப்பாடு மூடி வைத்திருக்கும். ஆயாவின் துணியை நான் ஒருநாள்கூட மாற்றியதில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு அந்த அறையைக் கடந்து போயிருக்கிறேன். வாஷிங் மெஷின் மேல் டம்ளர் வைக்கிறவனைப் பார்ப்பனியம் என்று சொல்ல எனக்கு வாய் இருக்கிறது. என் வீட்டில் பீத்துணி துவைத்தது எந்தப் பாலினம் என்ற கேள்விக்கு வாய் இல்லை. அம்மாவுக்கும் அக்காவுக்கும் சால்வை கிடையாது, கூலி கிடையாது, ‘சேவை’ என்ற சொல்கூடக் கிடையாது. அப்படிப் பார்த்தால் சின்னம்மாவுக்கு ஒரு ஏஜென்சியாவது ‘நீ செய்தது வேலை’ என்று பலகையில் எழுதிக் கொடுத்திருக்கிறது. அதைத் துடைத்து வைப்பதில் என்ன மானக்கேடு?

அதற்காகப் பாராட்டு நல்லது என்று சமாதானமாகிவிட முடியவில்லை. பாராட்டுகிறவன் பாராட்டப்படுகிறவளுக்குச் சமம் என்று ஒப்புக்கொண்டால்தான் அது பாராட்டு. எனக்குக் கைதட்டுகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னோடு டீ குடிக்கிறார்கள், நான் சொன்னது தப்பு என்று சண்டை போடுகிறார்கள். சின்னம்மாவுக்குத் தட்டியவர்கள் அப்படியில்லை. அன்றைக்கு வாடிக்கையாளர்கள் எல்லாரும் பேசினார்கள், பணியாளர்கள் ஒருத்தரும் பேசவில்லை. பேச வேண்டாம் என்று யாரும் தடுக்கவில்லை. மைக் பின்வரிசைக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

கொஞ்ச நாள் கழித்து ஊரில் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது கேட்டேன். மைக் குடுத்திருந்தா என்ன பேசியிருப்ப சின்னம்மா? டம்ளரைப் பற்றிச் சொல்லும் என்று எதிர்பார்த்தேன். சின்னம்மா சொன்னது வேறு.

“அந்தம்மா உயிர் போவும்போது நாந்தான் கையப் புடிச்சிக்கினு இருந்தேன். விடியக்காத்தால நாலு மணி. எம் பேரச் சொல்லி தண்ணி கேட்டுச்சி. பொண்ணு பக்கத்து ரூம்ல தூங்குது. அது போய் எழுப்பறதுக்குள்ள போயிடுச்சி. அத அந்தப் பொண்ணுகிட்ட சொல்லலாம்னு இருந்தேன். ஒங்கம்மா கஷ்டப்படல, என் கையிலதான் போச்சின்னு. அது கேக்கவே இல்ல.”

அதற்குப் பிறகு நடந்ததையும் அன்றைக்குத்தான் சொல்லுச்சு. சொந்தக்காரர்கள் வந்ததும் சின்னம்மாவை அறைக்கு வெளியே நிற்கச் சொல்லிவிட்டார்கள். பதினோரு மாசம் தினமும் குளிப்பாட்டிய உடம்பைக் கடைசியாகக் குளிப்பாட்ட வேறு பெண்கள் வந்தார்கள். அவர்களுக்குப் புரட்டத் தெரியவில்லையாம், கை பட்டு முதுகுத்தோல் உரிந்ததாம். செத்த உடம்புதானே என்று யாரும் பார்க்கவில்லை. கதவிடுக்கு வழியாகப் பார்த்த சின்னம்மா, “மெதுவா, மெதுவா” என்று கத்திவிட்டது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கதவைச் சாத்தினார்கள். பிணத்தை எடுப்பதற்கு முன்பே கணக்கு முடித்துப் பையைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

சின்னம்மா இதைச் சாதி என்று சொல்லவில்லை. “பெத்த பொண்ணு செய்யணும் இல்ல, மொறை” என்றுதான் சொல்லுச்சு. ஒரு அறைக்குள் ரெண்டு பெண்களுக்கு நடுவில் பதினோரு மாசம் உண்டான ஒன்றை நான் என்ன பெயர் சொல்லி அழைப்பது? பாசம் என்றால் ஏஜென்சி போஸ்டர் மாதிரி இருக்கிறது. சுரண்டல் என்றால் அந்த அம்மா கடைசியில் கூப்பிட்ட பெயர் அதற்குள் அடங்கவில்லை. அது நிஜம். ஆனால் அந்த நிஜத்துக்கு அறை வாசலைத் தாண்ட அனுமதி இல்லை. சாதி அந்த வாசலில்தான் உட்கார்ந்திருந்தது. பேனரில் எழுதிய ‘கொண்டாட்டம்’ கடைசிவரைக்கும் வாசலுக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டது.

இந்த வருஷமும் விழா உண்டு என்று ஏஜென்சியிலிருந்து போன் வந்தது. சின்னம்மா இப்போது வேளச்சேரியில் ஒரு பெரியவரைப் பார்த்துக்கொள்கிறது. லீவுக்கு வந்தபோது என்னை உட்காரவைத்து, “நீ எம்.ஏ. தமிழு இல்ல, ஒரு லெட்டர் எழுதிக் குடு” என்றது. வாரத்துக்கு ஒருநாள் லீவு. பேஷண்ட் செத்தால் அடுத்த வேலை வரைக்கும் அரைச் சம்பளம். ஏஜென்சி எவ்வளவு வாங்குகிறது, எவ்வளவு பிடிக்கிறது என்று ரசீது. கூட வேலை செய்கிற ஆறு பேர் கையெழுத்துப் போடச் சம்மதித்திருக்கிறார்களாம். நாலாவதாக நான், ‘பணியிடத்தில் மனித மாண்பு காக்கப்பட வேண்டும்’ என்று எழுதினேன்.

சின்னம்மா எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்தது. “இது எதுக்கு? அவனுக்கும் புரியாது, எனக்கும் புரியல. அத அடிச்சிட்டு, தட்டு டம்ளர்னு போடு” என்றது. அடித்துவிட்டுப் போட்டேன்.