யார் பேர்ல எழுதறது?

பெட்ரோல் விற்கிற கம்பெனி, 'இனி எங்களால் காற்றுக்குக் கெடுதல் இல்லை' என்று சொன்னால் நம்புவீர்களா? இந்தியன் ஆயில் கார்ப்பரேஷன் கிட்டத்தட்ட அப்படித்தான் சொல்லியிருக்கிறது. 2046-க்குள் 'நெட் ஜீரோ' ஆகிவிடுவோம் என்று 2022 ஆகஸ்டில் அறிவித்தார்கள். விடுகிற கரியமில வாயுவும் ஈடுகட்டுகிற வாயுவும் சரிக்குச் சரி ஆகிவிடும் என்று அர்த்தம். இதற்கு இரண்டு லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் செலவாகுமாம். ஓ.என்.ஜி.சி. இன்னும் அவசரக்காரர். அவர் கெடு 2038. நாட்டுக்கே கெடு 2070தான்!

சந்தோஷம். ஆனால் எப்படி?

நான் படித்தது பி.காம். யாராவது 'ஜீரோ' என்றால் பேரேட்டைப் புரட்டிப் பார்க்காமல் தூக்கம் வராது. இந்தப் புகைக் கணக்குக்கும் ஓர் இலக்கணம் இருக்கிறது. 2001-ல் வந்தது. மூன்று தலைப்பில் எழுத வேண்டும். கம்பெனியின் சொந்தப் புகைபோக்கி விடுவது முதல் தலைப்பு. வாங்குகிற மின்சாரத்துக்காக வேறு எங்கோ எரிந்தது இரண்டாவது. மூன்றாவதில் மற்றதெல்லாம், முக்கியமாக விற்ற சரக்கை நாம் எரிக்கும்போது வருகிற புகை. 2046, 2038 வாக்குறுதிகள் முதல் இரண்டு தலைப்புக்கு மட்டும்தான்.

அறிவித்த சமயத்தில் இந்தியன் ஆயிலின் சொந்தப் புகை வருஷத்துக்குச் சுமார் 2.15 கோடி டன். அதன் ஆலைகள் சுத்திகரிக்கக் கூடியதோ ஏறக்குறைய 7 கோடி டன் கச்சா எண்ணெய். ஒரு டன் எரிபொருள் எரிந்தால் சுமார் 3 டன் கரியமில வாயு. தாருக்கு, பிளாஸ்டிக்குக்கு, ஆலையின் சொந்த உபயோகத்துக்கு என்று தாராளமாகக் கழித்தாலும் 15 கோடி டன்னுக்குக் குறையாது. கம்பெனி தன் பேரில் எழுதிக்கொண்டதைப் போல ஏழு மடங்கு!

அது யார் பேரில்?

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வந்து, ஜவ்வாது மலையேறி, காவலூர் வானாய்வுக்கூடம் தாண்டி ஜமுனாமரத்தூர் போகிற ஒரு பைக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோகூட இருக்காது. எரிந்து முடிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு. காற்றிலிருக்கும் ஆக்சிஜனும் கூடச் சேர்வதால் எடை மூன்று மடங்காகிறது. 'வித்தது நான், எரிச்சது அவர்' என்கிறது கம்பெனி. 'மலைக்கு நடந்தா போக முடியும்? வேற வழி கொடுத்தாங்களா?' என்கிறார் பைக்காரர். இரண்டு பேர் சொல்வதும் நியாயமாகத்தான் படுகிறது. அதுதான் சிக்கல்.

டிரயல் பேலன்ஸ் இடித்தால், அந்த வித்தியாசத்தை 'சஸ்பென்ஸ் அக்கவுன்ட்' என்று ஒரு கணக்கில் தற்காலிகமாகப் போட்டு வைப்போம். பிறகு தப்பைக் கண்டுபிடித்து நேர்செய்ய வேண்டும். நாம் ஆகாயத்தையே சஸ்பென்ஸ் அக்கவுன்ட் ஆக்கிவிட்டோம். நேர்செய்யத்தான் ஆள் இல்லை.

பழியை நம் தலையில் வைக்க நல்ல விளம்பரமும் உண்டு. 'உங்கள் கார்பன் ஃபுட்பிரின்ட் எவ்வளவு?' என்று கேட்டு, அந்த வார்த்தையை 2000-களின் மத்தியில் ஊரெல்லாம் பரப்பியது பிரிட்டனின் பி.பி. எண்ணெய் கம்பெனி. அதே பி.பி. 2020-ல் ஒரு தைரியமான காரியமும் செய்தது. 2030-க்குள் எண்ணெய், எரிவாயு உற்பத்தியை 40 சதவீதம் குறைப்போம் என்றது. 2023-ல் அது 25 சதவீதமாயிற்று. 2025-ல் அதையும் கைவிட்டு, எண்ணெய்க்கே அதிகப் பணம் ஒதுக்கியது. வாக்குறுதிக்கும் மதிப்புக் குறைகிறது. தேய்மானக் கணக்கு மாதிரி.

அப்படியென்றால் இந்தியன் ஆயில் பொய் சொல்கிறதா? அப்படிச் சொல்ல மாட்டேன். இரண்டு கோடி டன்னைக் குறைப்பது நிஜமான வேலை. நாளைக்கே பங்க்கை மூடு என்றால் ஆலங்காயத்துக்கு வரும் பஸ்ஸும் நிற்கும், 108-ம் நிற்கும். ஆனால் அதே கம்பெனி பானிப்பட் ஆலையை 1.5 கோடி டன்னிலிருந்து 2.5 கோடி டன்னாகப் பெருக்கும் திட்டத்தையும் கையில் எடுத்தது. ஒரு கையில் ஜீரோ, மறு கையில் ஒரு கோடி டன் கூடுதல். மூன்றாவது தலைப்பை மறைத்தால்தான் இரண்டும் ஒரே அறிக்கையில் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும்.

பொறுப்பு என்பதை மாம்பழம் மாதிரி நினைக்கிறோம். அவருக்குப் பெரிய துண்டு போனால் நமக்குச் சின்னது என்று. 1932-ம் வருஷக் கூட்டாண்மைச் சட்டம் அப்படி நினைக்கவில்லை. கடன் என்று வந்தால் பங்காளிகள் எல்லோரும் கூட்டாகவும் பொறுப்பு, தனித்தனியாகவும் பொறுப்பு. 'என் பங்கு இவ்வளவுதான்' என்று கடன்காரரிடம் கை விரிக்க முடியாது. விற்றவர், எரித்தவர், வரி வாங்கிய சர்க்கார் - மூவரும் பங்காளிகள். வழியை மாற்றுகிற சக்தி யாருக்கு அதிகமோ அவர் முதலில் கை கொடுக்க வேண்டும். அது பைக்காரர் இல்லை. அதற்காக அவர் பெயரை அடித்துவிடவும் முடியாது. கார் வைத்திருக்கிற உங்கள் பெயரையும் என் பெயரையும் சுத்தமாக முடியாது.

அதே சட்டத்தில் இன்னொரு விதி. மைனரைக் கூட்டில் சேர்க்கலாம். லாபத்தில் பங்கு தரலாம். ஆனால் கடனுக்கு அவன் சொந்தப் பொறுப்பாளி ஆகமாட்டான். சின்னப் பையன் தலையில் கடனைக் கட்டக்கூடாது என்ற சாதாரண நியாயம்.

ஜவ்வாது மலையில் மழையை நம்பிச் சாமை விதைக்கிறவர்கள் இருக்கிறார்கள். விறகுச் சுமையோடு காட்டுப் பாதையில் இறங்குகிற பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் எரித்த பெட்ரோலும் கேஸும் எவ்வளவு இருக்கும்? மழை தப்பினால் முதலில் காய்வது அவர்கள் கொல்லைதான். 2046-ல் இருபது வயதாகப்போகிற குழந்தைகளோ இப்போதுதான் பிறந்துகொண்டிருக்கிறார்கள். நம்முடைய கூட்டில் சட்டம் தலைகீழ். லாபத்தில் பங்கில்லாதவர்கள் பேரில்தான் கடன் முழுக்க ஏறுகிறது.

இப்படி ஒரு பார்ட்னர்ஷிப் பத்திரத்தை எந்த ஆடிட்டரிடமாவது காட்டிப் பாருங்கள். பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டு, 'இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார்' என்பார்.