பூஜ்யம் போட்ட படம்

2001 வாக்கில் அமெரிக்கக் கடைகளுக்கு வந்த கோடக் அட்வான்டிக்ஸ் பிரிவியூ, கைக்குள் அடங்குகிற ஃபிலிம் கேமரா. அதன் முதுகில் ஒரு சின்ன வண்ணத் திரை. படம் எடுத்த கையோடு அந்தப் படம் திரையில் தெரியும். பிடித்திருந்தால் எத்தனை பிரிண்ட் வேண்டும் என்று பொத்தானை அழுத்திச் சொல்லலாம். ஒன்பது வரை போகும். பிடிக்கவில்லை என்றால் பூஜ்யம். ஃபிலிமின் மேல் பூசிய, கண்ணுக்குத் தெரியாத காந்தப் படலத்தில் அந்த எண் பதிவாகிவிடும். லேபில் இருக்கும் எந்திரம் அதைப் படித்து, சொன்ன கணக்குக்குப் பிரிண்ட் போடும்.

நியூஜெர்சியின் எடிசனில் வசிக்கும் தமிழ்ப் பெண் ஒருவரிடம் அந்தக் கேமரா இருந்தது; இப்போதும் அலமாரியில் இருக்கிறது. இருபது வருஷத்துக்கு மேலாகியும் அந்தப் பூஜ்யம் அவரை விட்டபாடில்லை.

நடந்தது சின்ன விஷயம். பாளையங்கோட்டையிலிருந்து பெரியம்மா வந்திருந்தார். வீட்டுப் பின்புறத்தில் மேப்பிள் இலைகள் உதிர்ந்து கிடந்தன. யாரோ என்னவோ சொல்ல, பெரியம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். கேமரா கிளிக் ஆனது அந்த நேரத்தில். பெரியம்மாவுக்கு முன்பல் ஒன்று கிடையாது. சிரிப்பு வந்தால் கை தானாக வாயை மூடப் போகும். திரையில் வந்த படத்தில் அந்தக் கை பாதி வழியில் இருந்தது. விரல்கள் அசைந்து கலங்கியிருந்தன. பல் இல்லாத இடம் தெரிந்தது. பெரியம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார்.

“ஏட்டி, இது வேண்டாம்.”

பூஜ்யம் போட்டாயிற்று. பெரியம்மா முந்தானையைச் சரிசெய்து, உதட்டைச் சேர்த்து, நேராக நின்றார். அந்தப் படத்துக்கு நாலு பிரிண்ட், ஊருக்கு அனுப்ப. அதற்கு அப்புறம்தான் அந்தக் கேள்வி வந்தது.

“பூச்சியம் போட்டியே, அந்தப் படம் எங்க போவும்?”

பதில் சொல்வதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. பெரியம்மா ஊர் திரும்பினார். சில வருஷங்களில் காலமானார்.

எங்கே போகும்? கேமராவின் வேலைமுறையை வைத்துச் சொன்னால், எங்கும் போகாது. கழுவாத ஃபிலிமைக் கண்ணால் பார்க்க முடியாது. ஒளி பட்ட வெள்ளி உப்புத் துகள் ஒவ்வொன்றிலும் ஒருசில வெள்ளி அணுக்கள் மட்டுமே திரண்டிருக்கும். அதைப் பெருக்கிக் காட்டுவது டெவலப்பர் ரசாயனம். அதற்கு முன்னால் ஃபிலிமை வெளியே இழுத்துப் பார்க்க நினைத்தால், பார்க்கிற வெளிச்சமே படத்தை அழித்துவிடும். ஆகையால் பிரிவியூவின் திரையில் தெரிந்தது ஃபிலிமில் விழுந்த படமே கிடையாது. அதே நொடியில் ஒரு மின்னணு உணரி பிடித்த, இன்னொரு படம். அதைச் சேமித்து வைக்கும் வசதியும் அந்தக் கேமராவில் இல்லை.

பெரியம்மா எதை வேண்டாம் என்றாரோ அது அன்றைக்கே மறைந்துவிட்டது. அவர் பார்க்காத ஒன்று ஃபிலிமில் தங்கிவிட்டது.

இந்தக் கேமராவுக்கான ஃபிலிம் முறையைக் கோடக், ஃபியூஜி, கேனான், நிக்கான், மினோல்டா ஐந்தும் சேர்ந்து 1996-இல் கொண்டுவந்தன. ஏபிஎஸ் என்பார்கள். 35 மில்லிமீட்டருக்குப் பதில் 24 மில்லிமீட்டர் அகல ஃபிலிம். கழுவிய பிறகும் துண்டுதுண்டாக வெட்டாமல், வந்த கேட்ரிட்ஜுக்குள்ளேயே சுருட்டித் திருப்பித் தருவார்கள். கேட்ரிட்ஜின் அடியில் நாலு குறிகள் உண்டு: முழு வட்டம், அரை வட்டம், பெருக்கல் குறி, செவ்வகம். புதுச்சுருள், பாதி எடுத்தது, முழுக்க எடுத்தது, கழுவியது என்று அர்த்தம். எடிசன் வீட்டு அலமாரியில் இருக்கும் கேட்ரிட்ஜில் செவ்வகம் வெளுத்திருக்கிறது. பிரிண்ட் உறையோடு வந்த, படங்களைச் சிறிதாக அச்சிட்ட தாள் வீடு மாறியபோது தொலைந்துவிட்டது.

இன்னொன்றும் உண்டு. அகலமான படமா, நீளமான பனோரமாவா, வழக்கமான அளவா என்று கேமராவில் தேர்ந்தெடுக்கலாம். எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஃபிலிமில் முழுச் சட்டமும் பதிவாகிவிடும். வெட்டுவது பிரிண்ட் போடும்போதுதான். அதாவது, ஷட்டரைத் தவிர அந்தக் கேமராவிலிருந்த இந்தப் பொத்தான்களெல்லாம் காகிதத்துக்கு இடுகிற உத்தரவுகள். ஃபிலிமைப் பார்த்து ‘மறந்துவிடு’ என்று சொல்ல ஒரு பொத்தான் இல்லை. பூஜ்யத்தின் அதிகாரமும் காகிதத்தோடு முடிந்துவிடுகிறது.

எடுத்ததும் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை பழையது. 1943-இல் சான்டா ஃபேயில் விடுமுறையில் இருந்தபோது எட்வின் லேண்டின் மூன்று வயது மகள், எடுத்த படத்தை இப்பவே ஏன் பார்க்க முடியாது என்று கேட்டாள். அந்தக் கேள்வியிலிருந்துதான் போலராய்டு கேமரா பிறந்தது என்று லேண்ட் சொல்லியிருக்கிறார். 1948 நவம்பரில் பாஸ்டன் கடையொன்றில் அது விற்பனைக்கு வந்தது. கோடக்கின் பொறியாளர் ஸ்டீவ் சாசன் 1975-இல் செய்த டிஜிட்டல் கேமரா, ஒரு படத்தைக் கேசட்டில் எழுத 23 விநாடி எடுத்துக்கொண்டது. குழந்தையின் கேள்விக்குப் பதில் தேடிப் பெரிய பெரிய கம்பெனிகள் உழைத்தன. பெரியம்மாவின் கேள்வியை யாரும் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

எடிசன் பெண்மணிக்கு இந்த இடத்தில் நினைவு பாளையங்கோட்டைக்குப் போய்விடும். சின்ன வயதில் அவர் வீட்டில் இருந்தது அக்ஃபா கிளிக் த்ரீ. மாமாவின் கேமரா. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு சதுரப் படம். முதுகில் ஒரு சிவப்புக் கண்ணாடிச் சன்னல். அதில் எத்தனையாவது படம் என்று எண் தெரியும், அவ்வளவுதான். பொங்கலுக்குப் போட்ட சுருள் ஆடிக் கொடைக்கும் முடியாது. யாருக்காவது கல்யாணம் வந்தால்தான் மிச்சப் படங்கள் தீரும். அதற்குப் பிறகு ஸ்டூடியோவில் கொடுத்து, வாங்கி வந்து, கூடத்தில் உட்கார்ந்து உறையைப் பிரிப்பார்கள். பொங்கலன்று இருந்தவர் கல்யாணத்தின்போது இல்லாமல் போயிருப்பதும் உண்டு. ஒரே உறையில் இரண்டு காலமும் வந்து சேரும்.

கண்ணை மூடியவர், பாதி முகம் வெட்டுப்பட்டவர், குறுக்கே ஓடிய பையன் என்று எல்லாப் படமும் அதில் இருக்கும். எல்லாவற்றுக்கும் காசு கொடுத்தாயிற்று. காசு கொடுத்ததை யாரும் குப்பையில் போடுவதில்லை. ஆல்பத்தில் ஒட்டிவிடுவார்கள். அவருடைய தாத்தாவுக்கு இருக்கும் ஒரே இயல்பான படம், கண்ணை மூடிக்கொண்டு காப்பித் தம்ளரை நீட்டுகிற படம்தான். எடுத்த அன்றைக்கே தாத்தா அதைப் பார்த்திருந்தால் நிச்சயம் வேண்டாம் என்றிருப்பார். பார்க்க வழியில்லாததால் அது பிழைத்தது.

இதை வைத்து, காத்திருப்பது நல்லது, உடனே பார்ப்பது கெட்டது என்று முடிவு கட்டிவிடலாமா? ரொம்ப நாள் அவர் அப்படித்தான் எண்ணியிருந்தார். அமெரிக்கத் தெருப் புகைப்படக்காரர் கேரி வினோகிராண்ட், எடுத்த சுருளை வேண்டுமென்றே மாதக்கணக்கில் கழுவாமல் வைத்திருப்பார் என்று படித்தது அதற்குத் துணையாக இருந்தது. எடுக்கும்போது இருந்த மனநிலை மறந்த பிறகு பார்த்தால்தான் படத்தைப் படமாகப் பார்க்க முடியும் என்பது வினோகிராண்டின் எண்ணம். 1984-இல் அவர் இறந்தபோது கழுவாத சுருள்கள் மட்டும் 2,500 அளவில் இருந்தன. அவற்றைக் கழுவிப் பார்த்த ஜான் சார்கோவ்ஸ்கி, 1988-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் வினோகிராண்டின் கண்காட்சியை வைத்தார். கடைசிக் காலப் படங்களைப் பற்றிக் கடுமையாகவே எழுதினார். எடுத்தவர் பார்க்காத படத்தை இன்னொருவர் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார். அது வினோகிராண்டின் படம்தானா என்ற சர்ச்சை அதோடு சேர்ந்தே வந்தது.

பெரியம்மா விஷயம் வேறு. அவர் பார்த்தார். பார்த்துத்தான் வேண்டாம் என்றார்.

நாலு பிரிண்டில் ஒன்று என்ன ஆயிற்று என்பதையும் சொல்லவேண்டும். பெரியம்மா போன பிறகு அதைத்தான் பெரிதாக்கிச் சட்டம் போட்டார்கள். பாளையங்கோட்டை வீட்டுக் கூடத்தில், சந்தனமாலையோடு, உதட்டைச் சேர்த்து நிற்கிறார். போட்டோ என்றால் கடைசியில் அது எங்கே போய்த் தொங்கும் என்று அந்தத் தலைமுறைப் பெண்களுக்குத் தெரியும். மேப்பிள் மரத்தடியில் முந்தானையைச் சரிசெய்தபோது பெரியம்மாவுக்கு இந்தச் சுவர் மனதில் இருந்திருக்கலாம். அப்படியானால் அந்தப் பூஜ்யத்தை அவசரத் தீர்ப்பு என்று சொல்ல முடியாது. அங்கிருந்தவர்களில் ரொம்பத் தூரம் பார்த்தவர் அவராகத்தான் இருப்பார். அந்தத் திரை இல்லாவிட்டால் எந்தப் படம் சுவருக்குப் போகும் என்று தீர்மானிக்கிற வாய்ப்பே அவருக்குக் கிடைத்திருக்காது. ஸ்டூடியோக்காரர் சொன்னபடி நின்றே காலம் கழித்த ஒருவருக்கு, அது சின்ன விஷயமும் கிடையாது.

கையைப் பற்றியும் யோசித்தாக வேண்டும். பாதி வழியில் நின்ற அந்தக் கை. பெரியம்மா மறைக்க நினைத்தது பல் இல்லாத இடத்தை. ஆனால் அவரை அறிந்தவர்களுக்கு, அந்தக் கை எழும்புவதுதான் பெரியம்மா. சிரிப்பு வருவதற்கு முன்பே கை கிளம்பிவிடும். கையைப் பார்த்துத்தான் பிள்ளைகள் சிரிக்க ஆரம்பிப்பார்கள். சுவரில் இருக்கும் படத்தில் இரண்டு கையும் கீழே இருக்கின்றன.

போன வருஷம் பெரியம்மாவின் மகள் ஃபோனில் பேசும்போது இந்தக் கதை வெளியே வந்தது. அக்கா உடனே, “எங்கம்மா சிரிச்ச போட்டோ ஒண்ணுகூட எங்ககிட்ட கிடையாது. பேரப்பிள்ளைக ஆச்சிய கோவக்காரின்னு நெனச்சிட்டு இருக்குதுக. அத பிரிண்ட் போட்டு அனுப்பேன்” என்றார். கேட்டது நியாயமாகத்தான் பட்டது.

அதற்குப் பிறகுதான் எப்போதோ படித்த வடதுருவக் கதை ஒன்று எடிசன் பெண்மணிக்குள் திரும்ப ஓட ஆரம்பித்தது. 1897-இல் ஸ்வீடன்காரர் ஆந்திரேயும் இரண்டு தோழர்களும் பலூனில் துருவத்துக்குக் கிளம்பினார்கள். மூன்றே நாளில் பலூன் பனிமேல் விழுந்தது. நடந்து திரும்பப் பார்த்து மூவரும் இறந்தார்கள். 33 வருஷம் கழித்து, 1930-இல், ஒரு தீவில் உடல்களோடு ஃபிலிம் சுருள்களும் கிடைத்தன. ஜான் ஹெர்ட்ஸ்பெர்க் என்பவர் பொறுமையாகக் கழுவி 93 படங்களை மீட்டார். பனிமேல் சரிந்து கிடக்கும் பலூனும் பக்கத்தில் நிற்கும் இருவரும் ஒரு படத்தில். யாரும் அனுமதி கேட்கவில்லை; கேட்கத் தேவையும் இல்லை. உலகம் பார்க்க வேண்டும் என்றே எடுத்த படங்கள் அவை. சிகாகோவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்த விவியன் மேயர் விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியாது. லட்சத்துக்கு மேல் எடுத்துவிட்டு யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தவர். அவருடைய பெட்டிகள் 2007-இல் ஏலத்தில் போயின. 2009-இல் அவர் இறந்த பிறகு உலகமே அந்தப் படங்களைக் கொண்டாடியது. அவர் விரும்பியிருப்பாரா? கொண்டாடியவர்களில் பலரும் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போனவர்கள்தான். ஆனாலும் அந்தப் படங்கள் இல்லாத உலகம் வேண்டும் என்று எடிசன் பெண்மணியால் சொல்ல முடியவில்லை.

2025-இல் ஃபியூஜிஃபிலிம் ‘எக்ஸ் ஹாஃப்’ என்று ஒரு டிஜிட்டல் கேமராவை விற்பனைக்கு விட்டிருக்கிறது. அதில் ஃபிலிம் கேமரா முறை என்று ஒன்று உண்டு. 36, 54, 72 என்று ஒரு கணக்கைத் தேர்ந்தெடுத்தால், அத்தனை படமும் எடுத்து முடிக்கும்வரை எதையும் பார்க்கவிடாது. ஃபிலிம் கேமராவுக்குக் கண் கொடுக்கப் பார்த்தது கோடக். இப்போது டிஜிட்டல் கேமராவின் கண்ணைக் கட்டுகிறார்கள், அதையும் காசு கொடுத்து வாங்குகிறார்கள். கோடக் 2004-இல் ஏபிஎஸ் கேமராக்களையும் 2011-இல் அந்த ஃபிலிமையும் நிறுத்தியது. பிரிவியூ மாதிரி ஒன்று திரும்ப வரப்போவதில்லை. பார்க்கவும் மறைக்கவும் ஒரே நேரத்தில் இடம் கொடுத்த கேமரா அது என்ற வகையில், இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கலாம்.

நெகட்டிவை ஸ்கேன் செய்து தருகிற லேப்கள் அமெரிக்காவில் இன்னும் இருக்கின்றன. தபாலில் போட்டால் போதும். அக்காவுக்கு அம்மாவின் சிரிப்பின்மேல் பாத்தியதை உண்டு. பெரியம்மாவுக்குத் தன் முகத்தின்மேல் பாத்தியதை உண்டு. வேண்டாம் என்று பெரியம்மா சொன்னது ஊருக்கு அனுப்பும் படத்தைப் பற்றியா, எல்லாக் காலத்துக்கும் சேர்த்தா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள இனி வழியில்லை. அந்தப் படம் எங்கே போகும் என்று அவர் ஏன் கேட்டார் என்பதும் புரியவில்லை. படம் போய்விட்டதா என்று உறுதி செய்துகொள்ளக் கேட்டாரா, போய்விடக்கூடாதே என்று கேட்டாரா? குரலை நினைவிலிருந்து மீட்டுப் பார்த்தால் ஒரு நாள் ஒரு மாதிரிக் கேட்கிறது, மறுநாள் வேறு மாதிரி.

அக்காவிடம் இன்னும் பதில் சொல்லவில்லை. கழுவி முடித்த ஃபிலிம் ஆகையால் உடனே கெட்டுப்போகாது, அவசரம் ஒன்றுமில்லை என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார். அது ஃபிலிமைப் பற்றிய உண்மையா, முடிவைத் தள்ளிப்போடக் கிடைத்த சாக்கா என்பதும் அவருக்கே தெளிவாகவில்லை.