பன்னிரண்டு என்று சொல்லும் விளக்கு

பழைய சுஸுகி எம்பிஎஃப்ஐ கார்கள் பலவற்றில் கோளாறைப் படிக்க ஸ்கேனர் வேண்டாம். சாவியை ஆன் செய்து, இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாமல், டயக்னாசிஸ் கப்ளரில் அதற்கான பின்னையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்தால், டேஷ்போர்டில் செக் இன்ஜின் விளக்கு சிமிட்டத் தொடங்கும். ஒரு சிமிட்டல், சின்ன இடைவெளி, மூன்று சிமிட்டல்: 13. ஆக்ஸிஜன் சென்சார் பக்கம் கோளாறு. ஒன்று, பிறகு இரண்டு என்றால் 12. கோளாறு எதுவும் பதிவாகவில்லை.

எனக்கு இந்த 12 பிடிக்கும். கோளாறு இல்லையென்றால் சும்மா இருந்துவிட்டுப் போகலாமே, அதற்கு எதற்கு ஒரு எண்? ஒயர் அறுந்திருந்தாலும் பல்பு போயிருந்தாலும் விளக்கு சும்மாதான் இருக்கும். நலமாயிருப்பவனின் மௌனமும் வாய் கட்டப்பட்டவனின் மௌனமும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றே. (எங்கள் தொழிலில் வேலையில்லாத சர்வரும் சில நொடிக்கு ஒருதரம் 'இருக்கேன்' என்று சொல்லியாக வேண்டும். அதே கவலைதான்.)

கார் கைமாறுவதற்கு முன் அந்தப் பல்பைக் கழற்றிவிடுவது பழைய வித்தை. அதைவிட நாசூக்கானது, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைச் சற்று நேரம் கழற்றி மாட்டுவது. இந்த வகைக் கார்களில் நினைவு அழிந்துவிடும். கேட்டால் பதில் தயார்: "நான் பொய் ஒண்ணும் சொல்லலையேண்ணே. நீங்க கேக்கல, நான் சொல்லல."

சரக்கின் குறையையெல்லாம் விற்பவரே அடுக்கினால் வியாபாரம் நடக்காது, ஒப்புக்கொள்கிறேன். டயர் தேய்மானத்தை வாங்குபவர் குனிந்து பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் இங்கே அவர் மௌனமாக இல்லை. பேசிக்கொண்டிருந்த ஒன்றின் வாயை அடைத்திருக்கிறார். எரியாத விளக்கு 'எல்லாம் சரி' என்கிறது. அதைச் சொல்ல வைத்தது அவர் கை. வாங்குபவரோ பெரும்பாலும் நகையை அடகு வைத்துப் பணம் புரட்டியவர்.

சிக்கல் என்னவென்றால், சென்சாரை மாற்றி முடித்த மெக்கானிக்கும் இதே நெகட்டிவ் ஒயரைத்தான் கழற்றுகிறார். அதே ஸ்பேனர், அதே நட்டு. செயலை மட்டும் பார்த்து இருவரையும் பிரிக்க முடியாது. கோளாறு என்னவென்று தெரியாது என்பதும் சாக்காகாது. 13 தீர்ப்பு இல்லை. புகைக்குழாயில் ஓட்டை விழுந்து வெளிக்காற்று புகுந்தால் நல்ல சென்சாரும் தப்புக் கணக்குக் கொடுக்கும். "ஏன்னு தெரியல, லைட்டு எரியுது" என்று சொன்னால் போதும்.

அழித்த கோளாறு, சரிசெய்யாவிட்டால், ஓட ஓடத் திரும்பி வரும். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டை ஒரு சுற்று விட்டுச் சாவியைத் திருப்பி வாங்கிக்கொள்பவர் உண்டு. "விழுப்புரம் வரைக்கும் ஓட்டிட்டு வாங்கண்ணே, நான் டீக்கடையில இருக்கேன்" என்பவரும் உண்டு. அந்த இரண்டாமவர் காரிலும் நான் சாவியை ஆன் செய்ததும் விளக்கு எரிகிறதா, ஸ்டார்ட் ஆனதும் அணைகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கியர் போடுவேன்.